பாதி பொருந்திய ஞாபகம்

2017 ஜூலை மாதம். என் தங்கச்சியின் மகன் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தான். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் அவனுக்கு வேலை. கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர் என்று நோயாளிகள் கிடந்த காலம் அது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவாயிற்று. 440 பேர் இறந்தார்கள். நான் றொசல்லயிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது வந்த இளம் டொக்டர், "இவருக்கு இதற்கு முதல் டெங்கு வந்திருக்கிறதா?" என்று கேட்டார். தங்கச்சிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "ஓம் டொக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னம் வந்தது. மூன்று நாளில் எழும்பிவிட்டான். உடம்புக்குப் பழகிப்போன வருத்தம்."

டொக்டர் சிரிக்கவில்லை. தாதியைக் கூப்பிட்டு, இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்கச் சொன்னார். பிறகு எங்களிடம், காய்ச்சல் விட்ட இந்த ஒன்றிரண்டு நாள்தான் பயமான நேரம் என்றும், இது இரண்டாவது தடவை என்பதால் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் சொன்னார். நான் ஆறுதலாகச் சொன்ன செய்தியை அவர் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டதுதான் என்னை உலுக்கியது. அன்றிரவே அவனுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியது. அல்லாஹ்வின் கிருபையாலும் அந்த டொக்டரின் விழிப்பாலும் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்ட உடம்பு, அடுத்த முறை ஏன் அதிகமாகத் தோற்கவேண்டும்?

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். வாப்பா மௌத்தானதும் புத்தகத்தை மூடிவிட்டு, றொசல்ல ஸ்டேசனுக்குப் பக்கத்தில் அவர் நடத்திய சில்லறைக் கடைக்கு வந்தவன். எங்கள் காலத்துப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்றும் பிறபொருளெதிரி என்றும் கற்றுத் தந்தன. பிறபொருளெதிரி என்ற சொல்லை அன்று பரீட்சைக்காக மனனம் செய்தேன். இன்று அந்தச் சொல்லே யோசிக்க வைக்கிறது. உடம்புக்குள் வந்த பிற பொருளுக்கு எதிரி. 'நான்' என்றும் 'பிற' என்றும் பிரித்தறிவதுதான் நிர்ப்பீடனத்தின் வேலை என்று விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் அவுஸ்திரேலியரான பேர்னெட். 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாடுகள் தங்கள் சொந்த மக்களில் யார் 'பிற' என்று சட்டம் எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுதான். எங்கள் தோட்டத்து மக்களை ஒரே சட்டத்தால் பிற பொருளாக்கியது 1948.

வைரஸ் என்பது தனித்து வாழத் தெரியாத ஒன்று. உயிருள்ள கலத்துக்குள் நுழைந்து, அந்தக் கலத்தின் பட்டறையில் தன்னைப் போல் ஆயிரம் செய்துகொள்ள வேண்டும். அதற்குள் காவலர்கள் பிடித்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வைரஸும் தப்பிப் பிழைக்க ஒரு வித்தை வைத்திருக்கிறது. இன்புளுவென்சா ஆண்டுக்கு ஆண்டு சட்டையை மாற்றுகிறது. எச்.ஐ.வி. நம் உடம்பின் சீனியையே தன்மேல் போர்த்திக்கொள்கிறது. அதோடு நில்லாமல், பழைய நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் வெண்குழியங்களுக்குள்ளேயே போய் உறங்கிவிடுகிறது. கொப்புளிப்பான் வைரஸ் நரம்பின் முடிச்சில் நாற்பது, ஐம்பது வருடம் ஒளிந்திருந்து, முதுமையில் அக்கியாக எழும்புகிறது. கொவிட் வைரஸோ, கலம் அடிக்கவேண்டிய அபாய மணியைப் பிந்தச் செய்கிறது. மனிதன் தனக்கு வருத்தம் என்று அறியுமுன்பே ஊருக்குக் கொடுத்துவிடுகிறான்.

இவையெல்லாம் ஒளிதல், மறைதல், வேடம் போடுதல். ஒரு திருடன் செய்யக்கூடியவை. டெங்கு செய்வது வேறு.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு ஆயுள் முழுவதும் காப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களுக்கு ஓரளவு காப்பு. அதன்பின் வேறொரு வகை வரும்போது, பழைய பிறபொருளெதிரிகள் அதையும் பழைய ஆள் என்றே நினைத்துப் போய்ப் பற்றிக்கொள்கின்றன. பற்றுகின்றனவே தவிர, முடக்க முடிவதில்லை. சாவி பூட்டுக்குள் போகிறது, திரும்பவில்லை. இனித்தான் விபரீதம். பிறபொருளெதிரி பற்றிய எதையும் அள்ளி விழுங்கி அழிப்பதற்கென்றே உடம்பில் தின்குழியங்கள் உண்டு. பிறபொருளெதிரியின் வாலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் அவற்றின் மேற்பரப்பில் இருக்கின்றன. உயிரோடிருக்கும் டெங்கு வைரஸ் அந்தக் கைகளாலேயே உள்ளே இழுக்கப்படுகிறது. அது பெருகுவதற்கு மிகவும் விரும்பும் இடம் அந்தத் தின்குழியமேதான். வாசற்காவலனே எதிரியைத் தோளில் தூக்கி வந்து ஆயுதச்சாலைக்குள் இறக்கிவிடுகிறான்.

பாங்கொக்கில் 1960களில் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர்தான் இதை முதலில் உரத்துச் சொன்னவர். கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது, பெரிய கேடில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். 1997இல் சந்தியாகோ டி கியூபா நகரில் மறுபடியும் இரண்டாம் வகை வந்தது. இருபது வருடத்துக்கு முந்திய ஞாபகத்தைச் சுமந்தவர்களை அது இன்னும் கடுமையாகத் தாக்கியது. காலம் போகப் போக ஆபத்துக் குறையும் என்ற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறு. நிக்கராகுவாவின் மானாகுவா நகரக் குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது: பிறபொருளெதிரி நிறைய இருந்தால் காப்பு, அறவே இல்லாவிட்டால் சாதாரண ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் இருந்தால்தான் பேராபத்து.

ஒருவர் பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. வைரஸைப் பற்றிய பிறபொருளெதிரி, தின்குழியத்துக்குள் அதன் பெருக்கத்தைக் கூட்டுகிறது என்று 1979இல் 'நேச்சர்' இதழில் போர்ட்டர்ஃபீல்டுடன் சேர்ந்து காட்டியவர் கண்டியில் பிறந்த, பேராதனையில் வைத்தியம் படித்த மலிக் பீரிஸ். அவர்கள் சோதித்தது டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸை. 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோய்க்குக் காரணமான கொரோனா வைரஸைக் கண்டுபிடித்த குழுவிலும் முதன்மையாக இருந்தவர் அவரே. அவரிடம் பிறகு வருவேன்.

எனக்கு உறக்கம் கெடுத்த செய்தி வேறொன்று. தாய்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு முதல் தடவையிலேயே கடுமையான டெங்கு வந்தது. பிறந்து ஆறு முதல் ஒன்பது மாதமான பிள்ளைகள். முன்பு ஒரு நோயும் கண்டிராத பிள்ளைகளுக்கு இது எப்படி? தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தது. அவள் தன் பிறபொருளெதிரியைக் கொப்பூழ்க்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தாள். முதல் மாதங்களில் அது காப்பாகவே இருந்தது. பிறகு கரைந்து கரைந்து, முடக்கும் வலு போய், பற்றும் வலு மட்டும் எஞ்சியபோது, தாயின் கொடையே பிள்ளைக்கு நஞ்சாயிற்று. தாயின் மேல் குற்றமில்லை. அவள் கொடுத்தது அன்பாகத்தான்.

இந்த இயலில் 'மூல பிறபொருளெதிரிப் பாவம்' என்று தமிழாக்கத்தக்க ஒரு கலைச்சொல் உண்டு. தோமஸ் பிரான்சிஸ் என்பவர் 1960இல் இன்புளுவென்சாவை வைத்துச் சொன்னது. முதலில் கண்ட எதிரியின் முகத்தையே உடம்பு பின்னால் வரும் எல்லா முகங்களிலும் தேடும் என்பது அதன் சாரம். ஆதம் அலைஹிஸ்ஸலாமின் பிழை பிள்ளைகளின் கழுத்தில் தொங்குவதாக நாம் நம்புவதில்லை. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்றே படித்து வந்திருக்கிறோம். ஆனாலும் அந்தக் கைக்குழந்தைகளை நினைக்கும்போது எனக்கு அவ்வளவு எளிதாக வாய் திறக்க முடிவதில்லை.

கடைக்காரன் ஒருவன் இதையெல்லாம் எழுதவேண்டி வந்த காரணத்துக்கு இனி வருகிறேன்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொவிட் பரவத் தொடங்கியதும் கொழும்பில் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பினார்கள். அது எங்களுக்குப் பெரிய பயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது யாரை எங்கே தனிமைப்படுத்துவது? எங்கள் கடைக்கு மேலே உள்ள லயத்தில் ஒரு பையன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றே கடை வாசலில் கயிறு கட்டினேன். எல்லோரும் கட்டினார்கள், அது குற்றமில்லை. ஆனால் அவனுடைய தாய் அரிசி வாங்க வந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்க, ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்: "நீங்க கீழ இறங்கி வரவேணாம். உங்க லயத்து ஆக்கள் ஒருத்தரும் வரவேணாம். வேற கடையப் பாருங்க."

இருபத்தைந்து வருடமாக என்னிடம் கொப்பி போட்டுக் கடன் வாங்கி, சம்பள நாளில் சதம் மிச்சமின்றிக் கொடுத்தவர் அவர். "சரிங்க மொதலாளி" என்று பையை மடித்துக்கொண்டு ஏறிப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. வட்டவளை, றொசல்லப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு அந்த ஏற்றம் எப்படியிருக்கும் என்று தெரியும். அந்தப் பையனுக்குக் கொவிட் இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அடுத்த மாதம், டிசம்பரில், கொழும்பில் இருந்த என் நாநா மௌத்தானார். நெஞ்சு வருத்தம் என்று சேர்த்தோம். மௌத்துக்குப் பிறகு கொவிட் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். மகன் போடவில்லை. போடாவிட்டாலும் நடந்தது. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, மண் கொடுக்கவில்லை. நாங்கள் ஊரில் காயிப் ஜனாஸா தொழுதோம். அதே டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எரிப்பது கட்டாயம் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் 11இல் வந்தது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச்சில், சொல்லியிருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். உயிருள்ள கலம் இல்லாமல் பெருக முடியாத ஒன்று, ஆறடி மண்ணுக்குள் இறந்த உடம்பிலிருந்து கிணற்றுக்கு வந்து ஆளைக் கொல்லும் என்றார்கள். அடக்குவதால் நோய் பரவும் என்ற அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன விஞ்ஞானிகளில் மலிக் பீரிஸும் ஒருவர். கொரோனாவையும் அறிந்தவர், காவலே எதிரியை உள்ளே கொண்டுவரும் கதையையும் அறிந்தவர். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

2021 பெப்ரவரி 25இல்தான் தடை நீங்கியது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஒரு வருடம் கழித்து ஊர் மையவாடிகளில் அடக்க அனுமதி கிடைக்கும்வரை அங்கே 3,634 பேர் அடங்கினார்கள். அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள். மீதிப் பேரில் 287 இந்துக்கள், 270 பௌத்தர்கள், 85 கிறிஸ்தவர்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. முறையாக அடக்கியதால் நீர் மாசுபடவில்லை என்று காட்டிய ஆய்வுகளையும் அது ஒப்புக்கொண்டது. நாநாவின் சாம்பல் எங்கே என்று எங்களுக்கு இன்றும் தெரியாது.

நாநாவின் செய்தி ஊரில் பரவிய மறுநாள் காலை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்தத் தாய் நின்றார். உள்ளே வரவில்லை. "மொதலாளி, பெரிய மொதலாளிய எரிச்சிட்டாங்களாமே. ஒரு பிடி மண்ணு போட விடலயாமே" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நம்பிக்கையாளர்களை ஒரே உடம்புக்கு ஒப்பிடும் ஹதீஸ் நமக்குத் தெரியும். ஓர் உறுப்புக்கு நோவென்றால் மற்றவை காய்ச்சலாலும் விழிப்பாலும் பங்கு கொள்ளும் என்பது அதன் கருத்து. காய்ச்சல் என்பது நிர்ப்பீடனத்தின் வேலை என்று அறிந்த பிறகு அந்த உவமை எனக்கு இன்னும் ஆழமாயிற்று. ஆனால் அன்று காலை எனக்காகக் காய்ச்சல் கண்டது அந்த உடம்புக்கு வெளியே என்று நான் வைத்திருந்த ஒருவருக்கு. நான் என்ன சொன்னேன்? தலையை ஆட்டினேன். கயிற்றை அவிழ்க்கவில்லை.

இனி நண்பரின் கதை. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், சிங்களவர். முப்பது வருடமாகப் பின்னேரங்களில் என் கடை வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை படித்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'நாநா' என்பார். ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்ட உறவு. மௌத்துக்கு அவர் வந்தார். அழுதார். போகும்போது மெல்லிய குரலில், "பாவம் நாநா. ஆனால் தண்ணீரில் கலந்தால் எல்லோருக்கும்தானே ஆபத்து" என்றார். இரவு தொலைக்காட்சி சொன்னதைத்தான் அவர் சொன்னார். நான் மறுநாள் வாங்கைத் தூக்கிப் பின்கட்டில் போட்டேன். அவருக்கு விளங்கியது. பிறகு வரவில்லை.

அந்தச் சொல் என்னைச் சுட்டது பொய்யல்ல. அவர் அதை யோசித்திருக்கவேண்டும். முப்பது வருடத்துக்கு அந்தளவு உரிமை எனக்கு உண்டு. ஆனால் வர்த்தமானி எழுதியவர் அவரல்லர். பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் அவர் இனத்தவரும் இருந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் என் கோபம் போய்ப் பற்றிக்கொண்டது அவரை. எழுதியவர்கள் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள், அவர் பக்கத்தில் இருந்தார். சாயல் போதுமாக இருந்தது.

2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடு வரிசையில் நின்றது நினைவிருக்கும். வரிசையிலேயே முதியவர்கள் இறந்த செய்திகள் மார்ச்சில் வந்தன. ஒரு நாள் ஹட்டனில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், அய்யே வரிசையில் நின்றார். வெயில். தலையில் பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். என் உள்ளத்தில் ஒரு சந்தோஷம் எழுந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷம்தான். 'நில்லுங்கள், நன்றாக நில்லுங்கள்' என்று ஒரு குரல். பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் அந்தக் குரல் எனக்குப் பரிச்சயமான குரல் என்று பட்டது. நாநாவை எரித்த நாட்களில் எங்களைப் பார்த்துப் பேசிய குரல் அது. அது என் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது? நான் காவலுக்கு வைத்திருந்த ஞாபகத்தின் வழியாகத்தான். அதன் தோளில் ஏறித்தான்.

அதற்கும் நான் என்னை மன்னித்திருப்பேன். பேரப்பிள்ளை விடவில்லை. மகளின் மகன். நாநா மௌத்தானபோது அவனுக்கு மூன்று வயது, ஒன்றும் தெரியாது. சென்ற வருடம் ஸ்டேசனில் அய்யே எதிரே வந்து தலையசைத்துப் போனார். அவர் போன பின் பிள்ளை என் கையை இழுத்துக் கேட்டான்: "மூத்தாப்பா, இவரா பெரிய மூத்தாப்பாவ எரிச்சவரு?"

நான் ஒருபோதும் அவனுக்கு அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசியதன் துணுக்குகள் அவனுக்குள் போயிருக்கின்றன. யார், எப்போது, எந்த ஆணையால் என்பதெல்லாம் கரைந்துவிட்டது. பற்றும் வலு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அந்தத் தாய்லாந்துக் கைக்குழந்தைகள் நினைவுக்கு வந்தன.

அப்படியானால் மறந்துவிடலாமே என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள். அமைச்சரவை மன்னிப்புக் கேட்டுவிட்டது, இனி ஏன் கிளற வேண்டும் என்கிறார்கள். அவர்களுக்குச் சின்னமுத்தைப் பற்றிச் சொல்வேன். சின்னமுத்து வைரஸ் ஒளிவதில்லை, ஞாபகத்தையே அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் வேறு நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமற் போயிருந்தது. சின்னமுத்து சுகமாகிவிடும். பிறகு சாதாரண நிமோனியா வந்து பிள்ளையைக் கொண்டுபோகும். மறதி ஆரோக்கியம் என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் போய்ச் சொல்லட்டும். 2020ஐ நாம் மறந்தால், அடுத்த முறை ஒரு நிபுணர் குழுவின் பெயரில் இன்னொன்று வரும். அது நீருக்குப் பதில் வேறு எதையாவது காரணம் சொல்லும்.

நம்பிக்கை கெட்டபோது ஒரு சமூகமே பாதிப் பொருத்தத்தில் விழுந்ததும் உண்டு. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப்போல் அமைந்து, பின்னால் வரும் நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் உற்பத்தியாளரே அறிவித்தார்கள். பெற்றோரின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் கோபம் அந்த ஒரு ஊசியோடு நிற்கவில்லை. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 2015இல் 93 சதவீதமாக இருந்து 2018இல் 32 சதவீதமானார்கள். 2019இல் அங்கே சின்னமுத்து பரவிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஏமாற்றியது ஓர் ஊசி, தண்டிக்கப்பட்டது இன்னொன்று, இறந்தது பிள்ளைகள்.

உவமையை நான் அதிகம் நீட்டுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். கலத்துக்குக் கடமை கிடையாது. தின்குழியம் மறுமையில் விசாரிக்கப்படாது. பிறபொருளெதிரிக்குத் தன் பிடி பிழையென்று அறியவோ, அறிந்தபின் கையை விடவோ முடியாது. எனக்கு முடியும். அதனால் உடம்பைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. மனிதரைக் கிருமியோடு ஒப்பிட்டவர்கள் உலகில் செய்து வைத்த அழிவையும் நாம் அறிவோம். ஆகவே அய்யே வைரஸ், நான் உடம்பு என்று இங்கே யாரும் வாசித்துவிட வேண்டாம். நோய் என்று நான் சொல்வது எங்கள் இருவருக்குள்ளும் வந்து போன அந்தக் குரலை.

உடம்பு செய்யும் ஒரு வேலையை மட்டும் கடன் வாங்கலாம் என்று தோன்றுகிறது. முதல் நோய்க்குப் பிறகு நிணநீர்க் கணுக்களுக்குள் வாரக்கணக்கில் ஒரு திருத்தம் நடக்கிறது. பிறபொருளெதிரியை உண்டாக்கும் கலங்கள் தங்கள் வார்ப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, நன்றாகப் பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கின்றன. கழிக்கப்படுபவையே அதிகம். சரியாகப் பொருந்திய ஞாபகம் அப்படித்தான் உண்டாகிறது, ஒரே இரவில் அல்ல.

நான் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். கடன் கொப்பி மாதிரி நீளமானது. வர்த்தமானியின் திகதி, நாநா சேர்க்கப்பட்ட நாள், மௌத்தின் நேரம், கையெழுத்துக் கேட்டவர் சொன்ன வார்த்தை, தடை நீங்கிய திகதி, மன்னிப்புக் கேட்ட திகதி எல்லாம் எழுதியாயிற்று. எனக்கு நேரே தெரிந்ததை ஒரு பக்கத்திலும் பிறர் சொல்லக் கேட்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுகிறேன். எழுத எழுத எதிர்ப்பக்கம்தான் நிறைகிறது. அய்யே சொன்ன வசனத்தையும் அப்படியே எழுதினேன். அவர் அழுததையும் எழுதவேண்டி வந்தது. பேரப்பிள்ளை பெரியவனானதும் கொடுக்க வேண்டும். அதுவரை அவனுக்கு வாயால் ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. "இல்ல மகன். இவரு எரிக்கல. இவரு ஒரு பிழையான கத சொன்னாரு. எரிக்கச் சொன்னது வேற ஆக்கள்" என்றேன். "அப்ப ஏன் இவரு நம்ம கடைக்கு வாறல்ல?" என்றான்.

வாங்கைப் பின்கட்டிலிருந்து எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தேன். ஒரு கால் உக்கிப் போயிருக்கிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

கொப்பியில் 2020 நவம்பர் என்று தலைப்பிட்ட பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. கயிற்றின் கதை அங்கே வரவேண்டும். நேரே தெரிந்தது என்ற பக்கத்தில். அந்தத் தாய் வேலையிலிருந்து நின்று இப்போது வட்டவளையில் மகளோடு இருக்கிறாராம். பஸ்ஸில் போனால் தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் போகவேண்டும். போய்வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுத முடியும் போலிருக்கிறது.